கட்டத்துக்குள் அடங்காத கூகைக்குளம்

உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணிக்கு நோப்பாளம் என்பார்கள். அந்தக் கோபம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். கூகைக்குளத்துக்காரர்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வார்த்தையைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. கூட்ட வேண்டியதை எல்லாம் அவர்களே கூட்டித்தான் செய்வார்கள்.

தலைக்கட்டு பதினொன்று, ஆள் நாற்பத்தொன்று, அவ்வளவுதான் ஊர். ஊருக்குக் கிழக்கே தார் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால். காலையில் வடக்கே போகிற பஸ் மத்தியானம் தெற்கே திரும்பும். இரண்டு தடவையும் நிற்காது. பஸ் ஏற வேண்டுமென்றால் வடக்கே மூணு மைல் நடந்து ரோடு பிரிகிற மேட்டுப்பட்டி விலக்குக்குப் போக வேண்டும்.

நிற்காத பஸ்ஸை நிறுத்த ஊர் கூடி ஒரு யோசனை செய்தது. ஒரு பலகையில் ஊர்ப் பேரைப் போட்டு, 'பஸ் இங்கே நிற்கும்' என்று எழுதி ரோட்டோரம் நட்டார்கள். பஸ் நிற்கவில்லை. பாவம், டிரைவருக்குப் படிப்பு வராது போல என்று இரக்கப்பட்டு, எழுத்துக்குக் கீழே ஒரு பஸ் படமும் வரைந்து வைத்தார்கள். அப்போதும் நிற்கவில்லை.

இதில் அதிகம் அடிபட்டவன் கொம்பையா. அவன் பெண்சாதி ஆவுடைத்தங்கம் கழுகுமலைக்காரி. ஒரு நாள் மேட்டுப்பட்டியிலிருந்து தலையில் மூட்டையோடு நடந்து வரும்போது செருப்பு வார் அறுந்து, கால் கொப்பளித்து, வீட்டு வாசலில் மூட்டையைத் தொப்பென்று போட்டாள்.

"அய்யனார் சத்தியமாச் சொல்லுதேன். இனிமே இந்த ஊருக்குள்ள நடந்து வந்து காலெடுத்து வைக்க மாட்டேன். நம்ம விலக்குல பஸ் நிக்கட்டும், அன்னைக்கு வந்து இறங்குதேன்."

மறுநாளே அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது நடந்துதான் போனாள். சத்தியம் வருவதற்குத்தானே, போவதற்கு இல்லையே.

கொம்பையா சமைத்துச் சாப்பிட்ட லட்சணத்தை என்னவென்று சொல்ல? ரசம் வைத்தால் குழம்பாக வரும். குழம்பு வைத்தால் வரவே வராது. அதைவிட, வீடு வெறிச்சென்று கிடந்தது அவனுக்குத் தாங்கவில்லை. இருபத்தாறாம் நாள் மனசு கேட்காமல் டவுனுக்குப் போய் பஸ் டிப்போ ஆபீஸர் முன்னால் நின்றான்.

"அங்க ஊருன்னு ஒண்ணு இருக்காய்யா?" என்றார் ஆபீஸர். "அந்த ரோட்டுல ஒரு குருவியக்கூடப் பார்த்ததில்லைன்னு டிரைவர் எழுதிக் கொடுத்திருக்காரு."

"பஸ் நிக்காத இடத்துல நாங்க எதுக்கு சார் நிக்கணும்?"

ஆபீஸர் பேனாவை மூடி வைத்தார். "சரி. ஊர்ப் பலகையும் ஊர் மொத்தமும் ஒரே போட்டோவுல தெரியுற மாதிரி கொண்டா. ஒரே போட்டோ. ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சா நிறுத்தச் சொல்லி ஆர்டர் போடுதேன்."

கொம்பையாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் ஊரிலேயே கேமரா வைத்திருந்தவன் அவன் ஒருத்தன்தான். டவுன் ஸ்டூடியோக்காரர் புதுசு வாங்கினபோது பழசை இவன் தலையில் கட்டியிருந்தார். அது ஒரு தனிப் பிறவி. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காது. பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிற விளக்கு கிடையாது. வெயில் இருந்தால்தான் வேலை செய்யும், அதுவும் ஆற அமரத்தான் செய்யும். எதிரே இருப்பது இம்மி அசைந்தாலும் படம் கலங்கிவிடும். அவன் எடுத்த கன்றுக்குட்டிக்கு இரண்டு தலை விழுந்திருந்தது.

அந்தக் கேமராவின் பின்னால் ஒரு சின்னக் கட்டம் உண்டு. கண்ணை வைத்துப் பார்த்தால் அதற்குள் தெரிகிறதுதான் படத்தில் விழும். அதற்குள் அடங்குவது கொஞ்சம்தான். பெண்சாதி தங்கத்தை அவன் எடுத்த ஒரே போட்டோவில் கழுத்துக்குக் கீழே அச்சு அசலாக அவளேதான்.

"என் தலை எங்க?" என்று கேட்டாள்.

"தலைதான் உன்கிட்டயே இருக்கே" என்றான்.

அவள் போன பிறகு அந்தப் போட்டோவை எடுத்து எடுத்துப் பார்த்தான். முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. முகம் மட்டும் அதில் இல்லை.

டிப்போவிலிருந்து நேரே ஸ்டூடியோவுக்குப் போனான். அவன் தோளில் தொங்கின கேமராவுக்குள் இன்னும் ஆறு படத்துக்குத்தான் பிலிம் இருக்கிறது என்று சொன்ன ஸ்டூடியோக்காரர், கடையைப் பூட்டிக்கொண்டே புத்தியும் சொன்னார். "வெயில் உன் முதுகுல விழணும். ஆளுக அசையக் கூடாது. கட்டத்துக்குள்ள அடங்கலேன்னா நீ பின்னாடி போ. வேற ஒண்ணுமில்ல."

ஊர் நாட்டாமை மூக்காண்டி மாமா செய்தியைக் கேட்டதும் எல்லோரையும் கூட்டி, அசையாமல் நிற்பதற்கு இரண்டு நாள் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பூவம்மா மதினி அடுப்படியில் பழகினாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் அசையவில்லை. கொம்பையாவின் மச்சான் மாசானம் தொழுவத்தில் பழகினான். எருமை அவன் வேட்டியில் பாதியைத் தின்றுவிட்டது. மீதிப் பாதியோடு அப்படியே நின்றான். "நிக்கிறவன்னா அவன்லா நிக்கிறவன்" என்று ஊரே மெச்சியது.

மூன்றாம் நாள் காலையில் ஊர் மொத்தமும் பலகை அருகே கிழக்குப் பார்த்து நின்றது. கொம்பையா ரோட்டுக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் ஓரம் போய் நின்று, முதல் வேலையாகச் சட்டையைக் கழற்றினான்.

"என்ன மாப்ளே, குளிக்கப் போறியா?" என்றார் மூக்காண்டி மாமா.

"வெயில் முதுகுல விழணும் மாமா. சட்டை போட்டிருந்தா சட்டையிலதானே விழும்?"

"அதுவும் சரிதான்" என்றது ஊர்.

அப்போது மாசானம் கையைத் தூக்கினான். "ஊர் மொத்தமும்னு சொல்லியிருக்காரு. மச்சான் அந்தப் பக்கம் நின்னா ஊருல ஒரு ஆள் குறையுமே?"

இது லேசான கேள்வி இல்லை. அந்தக் கேமராவில் தானாகப் படம் எடுக்கிற வசதியும் கிடையாது. அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் கழற்றிய சட்டையை ஒரு கம்பில் மாட்டி, கொம்பையா நிற்க வேண்டிய இடத்தில் நட்டார்கள். தங்கத்துக்கு என்ன செய்வது என்று பூவம்மா கேட்டாள். அவள் சேலை எல்லாம் கழுகுமலைக்குப் போயிருந்தது.

"அவ இல்லாததுதானே நம்ம கோரிக்கையே" என்று மூக்காண்டி மாமா தீர்ப்புச் சொன்னார். "இல்லாம இருக்கட்டும்."

ஆக, முப்பத்தொன்பது பேரும் ஒரு சட்டையும் நின்றார்கள். கொம்பையா கட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்து ஒரு படம் எடுத்தான். எடுத்த பிறகுதான் எண்ணிப் பார்த்தான்.

"மாமா, ஒம்பது பேருதான் அடங்குதாங்க."

"மத்தவங்க?"

"வெளிய நிக்காங்க."

மூக்காண்டி மாமா தாடையைத் தடவினார். மாசானத்துக்குத்தான் பளிச்சென்று தோன்றியது. "வாசல் நிலையில கட்டில் நுழையலேன்னா என்ன செய்வோம்? பக்கவாட்டுல திருப்புவோம். ஆளுகளையும் திருப்பணும்."

எல்லோரும் தெற்குப் பார்த்துத் திரும்பினார்கள். பூவம்மா மட்டும் வடக்குப் பார்த்துத் திரும்பினாள். அவளுக்கு மூக்குத்தி வலது பக்கம். ஆபீஸர் பார்க்கிற படத்தில் மூக்குத்தி தெரியாமல் நிற்க அவளுக்கு என்ன தலையெழுத்தா? ஆனால் அப்படித் திரும்பினதில் எதிரே அவள் ஓரகத்தி வந்துவிட்டாள். ஒரு ஆட்டுக்குட்டி விஷயமாக எட்டு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இப்போது மூக்கோடு மூக்கு இடிக்க நின்றார்கள்.

இரண்டாவது படத்தில் பதினெட்டுப் பேர் அடங்கினார்கள். இன்னும் இருபத்தொரு பேரும் சட்டையும் வெளியே. அப்போதுதான் கொம்பையாவுக்கு ஸ்டூடியோக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது. அடங்காவிட்டால் பின்னாடி போக வேண்டும்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. நான் 'ஆகட்டும்'னு சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாது!"

கட்டத்தில் வைத்த கண்ணை எடுக்காமல் ஒரு அடி பின்னால் போனான். இருபது பேர் தெரிந்தார்கள். இன்னொரு அடி. இருபத்தாறு. அவனுக்கு ஆனந்தம் பொங்கியது. இன்னொரு அடி வைத்தான். வானம் மட்டும் தெரிந்தது. விரல் பட்டு மூன்றாவது படமும் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வாய்க்காலில் தொபுக்கடீர் என்று ஒரு சத்தம், "ஐயோ!" என்று ஒரு சத்தம்.

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஆள் அசையவில்லை. உதட்டை அசைக்காமலே பேசிக்கொண்டார்கள்.

"விழுந்துட்டான் போல."

"ஆமா. தூக்கணும்."

"எப்படித் தூக்குறது? இன்னும் 'ஆகட்டும்'னு சொல்லலையே."

"'ஐயோ'ன்னு சொன்னானே?"

"ரெண்டும் ஒண்ணா? அவன் அப்பவே தெளிவாத்தான் சொன்னான்."

நல்ல வேளை, தண்ணீர் நெஞ்சளவுதான். கேமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி கொம்பையா எழுந்தான். மூக்கில் ஏறின தண்ணீரைச் சீறிவிட்டு, அனிச்சையாகக் கட்டத்தில் கண்ணை வைத்தான். வைத்தவன் வாயைப் பிளந்தான். ஊர்ப் பலகை, முப்பத்தொன்பது பேர், சட்டை, அத்தனையும் கட்டத்துக்குள் இருந்தது!

"அடங்கிருச்சு மாமா! ஊரே அடங்கிருச்சு!"

"முதுகுல வெயில் விழுதா பாரு" என்றார் மூக்காண்டி மாமா, வாயைத் திறக்காமல்.

விழவில்லை. முதுகு தண்ணீருக்குள் இருந்தது. கரைப் பக்கம் கிடந்த துவைகல்லில் ஏறி நின்றான். இப்போது வெயிலும் விழுந்தது. ஒரே ஒரு கஷ்டம், கல்லில் ஏறினதில் கட்டம் கொஞ்சம் நெருங்கி, இந்த ஓரம் மாசானத்தின் முழங்கையும் அந்த ஓரம் சட்டையின் கையும் விளிம்பை இடித்துக்கொண்டு நின்றன. இனி ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. சரி, விரல் எதற்கு நுழைய வேண்டும் என்று நான்காவது படத்தை எடுத்தான்.

எடுக்கிற நேரம் பார்த்து காற்று வீசியது. சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது.

மூக்காண்டி மாமாவுக்கு வந்ததே கோபம். "ஏல கொம்பையா! ஊருக்கெல்லாம் அசையாதன்னு சொல்லிட்டு நீ மட்டும் ஆடுதியே!"

"தப்புதான் மாமா. மன்னிச்சுக்கிடுங்க" என்றான் கொம்பையா துவைகல்லிலிருந்து. "இனி ஆட மாட்டேன்."

காற்று நின்றது. சட்டையும் ஒழுங்காக நின்றது. பாக்கி இரண்டே படம். கொம்பையா மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தான். அந்த நேரம் பார்த்துத் தெற்கேயிருந்து பஸ் வந்தது.

அந்த டிரைவர் மூன்று வருஷமாக அந்த ரோட்டில் ஓட்டுகிறார். பலகையைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இன்றைக்கு முப்பத்தொன்பது பேர் நட்டு வைத்த மாதிரி நிற்பதைப் பார்த்ததும், பாவம் எத்தனை நேரமாக நிற்கிறார்களோ என்று பிரேக்கை மிதித்தார். பஸ் பலகைக்கு நேராக, இம்மி பிசகாமல் வந்து நின்றது. ஐந்தாவது படத்தில் பஸ்தான் விழுந்தது.

கண்டக்டர் கதவைத் திறந்தார். "ஏறுங்க, ஏறுங்க!"

ஒருத்தரும் ஏறவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மறியலாய்யா?"

மூக்காண்டி மாமா கண்ணை மட்டும் உருட்டி, தள்ளிப் போங்கள் என்று ஜாடை காட்டினார். கண்டக்டர் தன் முதுகுக்குப் பின்னால் பாம்பு ஏதும் இருக்கிறதோ என்று திரும்பிப் பார்த்தார்.

அந்தப் பக்கம் கொம்பையா துவைகல்லில் நின்று குதித்தான். "டிரைவர் அண்ணாச்சி! பஸ்ஸை எடுங்க! மறைக்குது!"

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "எதைய்யா மறைக்குது?"

"ஊரை மறைக்குது! போட்டோ எடுக்குதோம்!"

"எதுக்குப் போட்டோ?"

"இங்ஙன பஸ் நிக்கணும்னு ஆபீஸருக்குக் கொடுக்க!"

டிரைவர் ரோட்டைப் பார்த்தார், பிரேக்கில் இருந்த தன் காலைப் பார்த்தார். "இப்ப நின்னுட்டுத்தான்யா இருக்கு!"

"அது எப்படி அண்ணாச்சி நிக்கலாம்? இன்னும் போட்டோவே கொடுக்கலையே! ஆர்டர் இல்லாம நீங்க பாட்டுக்கு நின்னா, 'அதான் நிக்குதே, அப்புறம் எதுக்கு ஆர்டர்'னு ஆபீஸர் கேட்பாரு. நாங்க எந்தச் சுவத்துல போய் முட்டுறது?"

அப்போது பஸ்ஸின் நடு ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. தங்கத்தின் தலை.

"இந்தாங்க! நான்தான்!"

கொம்பையா துவைகல்லில் குதிப்பதை நிறுத்தினான். இருபத்தொன்பது நாளைக்குப் பிறகு அந்த முகம்! இரண்டு கண்ணும் மூக்கும் நெற்றிப் பொட்டுமாக முழுசாக இருந்தது. கண்ணில் நீர் முட்டி எல்லாமே கலங்கித் தெரிந்தது.

"ஊரே போட்டோவுக்கு நிக்குதுன்னு கேள்விப்பட்டேன். நான் இல்லாம அது எப்படி ஊரு? இருங்க, இறங்குதேன்!"

இறங்கு தங்கம் என்று சொல்லத்தான் வாயெடுத்தான். கேமராவின் நினைப்பு வந்தது. ஒரு ஓரம் மாசானத்தின் முழங்கை, மறு ஓரம் சட்டையின் கை. எங்கே நிறுத்துவான் அவளை? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இறங்காத தங்கம்! இடமில்ல! ஃபுல்லாயிருச்சு!"

இத்தனை வருஷமாகத் தான் ஜனங்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை வாய்க்காலுக்குள் நின்று ஒருத்தன் பஸ்ஸைப் பார்த்துச் சொல்வதைக் கண்டக்டர் அன்றுதான் கேட்டார்.

"ஒரு ஓரமா ஒட்டிக்கிடுதேன்!" என்றாள் தங்கம்.

"ஓரத்துல மாசானம் முழங்கையே தொத்திக்கிட்டுத்தான் நிக்கு!"

"அப்ப நீங்க இன்னும் பின்னாடி போங்க!"

"பின்னாடி ஆழம்!"

"பஸ் நின்னா வாரேன்னு சத்தியம் பண்ணினேன். நின்னிருக்கு. நான் இறங்கத்தான் செய்வேன்."

"தங்கம், சொன்னாக் கேளு" என்று கொம்பையா கெஞ்சினான். "இது நிக்கிறதுல சேர்த்தி இல்ல. இது மறைக்கிறது!"

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கதவுக்கு வருவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் போனது. ஜன்னல் வழியாக ஏதோ திட்டிக்கொண்டே தங்கமும் போனாள். கொம்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிப் படத்தை எடுத்தான்.

"ஆகட்டும்!"

ஊர் மூச்சு விட்டது. நாற்பது வருஷம் ஜெயிலில் இருந்து வந்தவர்கள் போல எல்லோரும் கைகாலை உதறினார்கள். "காலை மிதிச்சுக்கிட்டே நிக்கியே, உணர்ச்சி இல்ல?" என்று ஓரகத்தி பூவம்மாவிடம் கேட்டாள். எட்டு வருஷத்தில் முதல் பேச்சு. பூவம்மா பூரித்துப் போனாள்.

வெயில் உச்சிக்கு வருகிற நேரத்தில், மேட்டுப்பட்டி ரோட்டில் தலையில் மூட்டையோடு தங்கம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். வந்ததும் மூட்டையை இறக்காமலே ஆரம்பித்தாள்.

"நின்ன பஸ்ஸை விரட்டிவிட்ட மனுசனை நீரு ஒருத்தரைத்தான்யா நான் பார்த்திருக்கேன்! மூணு மைல் நடக்க வச்சிட்டீரே!"

கொம்பையாவின் முகம் வெளிறியது. "நடந்தா வந்த?"

"பின்னே பறந்தா வந்தேன்?"

"அய்யனார் சத்தியமா நடந்து வர மாட்டேன்னு சொன்னியே தங்கம்?"

தங்கம் வாயில் கையை வைத்தாள். அவளும் இந்த ஊரில் ஆறு வருஷம் வாழ்ந்தவள்தானே. "ஆத்தாடி! ஆமால்லா! இப்ப என்ன செய்ய?"

மூக்காண்டி மாமாவைக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடி யோசித்தார். "இன்னும் ரோட்டுலதானே நிக்க, ஊருக்குள்ள காலெடுத்து வைக்கலைல்லா? ஒண்ணும் கெட்டுப் போகல. நடந்து வந்ததை நடந்தே கழிச்சிரணும். திரும்ப மேட்டுப்பட்டிக்குப் போயி, கழுகுமலை பஸ்ஸைப் பிடிச்சு அம்மா வீட்டுக்குப் போ. ஆர்டர் வந்து பஸ் நின்னதும் முறையா வந்து இறங்கு."

"அதுவும் சரிதான்" என்றாள் தங்கம்.

ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். கொம்பையா மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டான். இருபத்தொன்பது நாளைக்குப் பிறகு சேர்ந்து நடக்கப் போகிற சந்தோஷத்தில் இரண்டு பேரும் பலகையைத் தாண்டி வடக்கே நாலு எட்டு வைத்திருப்பார்கள். எதிரே மத்தியான பஸ் வந்தது. அதே டிரைவர். மூட்டையும் கையுமாக இரண்டு பேரைப் பார்த்ததும் மறுபடியும் பிரேக்கை மிதித்தார்.

"எங்கம்மா போகணும்?"

"கழுகுமலைக்கு."

"இது கழுகுமலைதான். ஏறு."

கொம்பையா அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இங்ஙன ஏற மாட்டோம் அண்ணாச்சி. இங்ஙன பஸ் நிக்காது. நாங்க மேட்டுப்பட்டி விலக்குல வந்து ஏறிக்கிடுதோம்."

"மேட்டுப்பட்டியத் தாண்டித்தான்யா நான் வாரேன்!"

கொம்பையா யோசித்தான். தங்கமும் யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்யுங்க" என்றான் கொம்பையா. "நாங்க முன்னால நடந்து போறோம். நீங்க ரிவர்ஸ்ல மெதுவா வாங்க."

டிரைவர் கண்டக்டரைப் பார்த்தார். கண்டக்டர் டிரைவரைப் பார்த்தார். காலையிலிருந்து இரண்டு பேருக்குமே மண்டைக்குள் ஏதோ கழன்றிருக்க வேண்டும்.

"டிக்கெட்டை விலக்குல வச்சுத்தானே கிழிக்கணும்?" என்றார் கண்டக்டர்.

"அதுவும் சரிதான்" என்று டிரைவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

மூணு மைல். முன்னால் தங்கம், அவளுக்குப் பின்னால் மூட்டையோடு கொம்பையா, அவனுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு பஸ். "வரட்டும், வரட்டும்... கொஞ்சம் இடது பக்கம்" என்று கொம்பையா வழி நெடுகக் கையை ஆட்டிக்கொண்டே போனான். மேட்டுப்பட்டி விலக்கில் பஸ் முறைப்படி நின்றது. தங்கம் முறைப்படி ஏறினாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசத்துக்குப் புளியைக் குறைக்கச் சொன்னாள்.

பஸ் கூகைக்குளத்துக்குத் திரும்பி வந்தபோது ஊர் மொத்தமும் ரோட்டோரம் காத்துக்கொண்டு நின்றது. பஸ் நிற்காமல் விர்ரென்று போனது. மூக்காண்டி மாமா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"பார்த்தீங்களாடே! இப்பத்தான் டிரைவருக்கு விஷயம் புரிஞ்சிருக்கு."